நாற்று பறித்துப் போட்ட நாளில் அரண்மனை

"இது எந்த ஊரு பாப்பா?" என்று அக்கா கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. எங்கள் வயலில் குறுவை நடவு. பதினொரு பெண்கள் கரையேறி, முழங்கால் வரை சேறோடு வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறந்திருந்தார்கள். நான் டீ கொண்டுபோயிருந்தேன். அவர்கள் சாப்பிடும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படித்தபோது தோழிகளோடு தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய் எடுத்த படம் ஒன்று வந்தது. தர்பார் மண்டபம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தூண்கள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட நான்.

அக்கா எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் அக்காவிடம்தான் சொல்ல வேண்டும். தன்னையும் சேர்த்து இந்தப் பதினொரு பேரை அழைத்து வருபவர் அவர். எந்த நாள் யார் வயல் என்பது அவர் மனதில் இருக்கிறது. எழுதி வைப்பதில்லை. சொன்னால் சொன்ன நாளில் ஆள் வந்து நிற்கும்.

"தஞ்சாவூர்தான் அக்கா. அரண்மனை."

"நம்ம தஞ்சாவூரா? அங்க இப்படியெல்லாம் இருக்கா? நான் பெரியாஸ்பத்திரியத் தவிர எதையும் பார்த்ததில்ல."

ஒவ்வொருவராகக் கேட்டேன். பெரிய கோயிலுக்குப் போனவர்கள் நாலு பேர். ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் யாருமில்லை. அரண்மனைக்குள் ஒருவர்கூடக் கால் வைத்ததில்லை. எங்கள் ஊரிலிருந்து நீடாமங்கலம் வழியாக ஒன்றேகால் மணி நேரம்தான்.

"ராஜா வீட்டுல நமக்கு என்ன வேலை? அங்க நடவு இருந்தா கூப்பிட்டிருப்பாங்க" என்றாள் போன தை மாதம் கல்யாணமாகி வந்த சின்னப் பெண். அந்தக் கூட்டத்தில் அவள்தான் வாயாடி. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குள் யோசனை புகுந்துவிட்டது.

யோசனை வந்தால் எனக்கு உட்கார முடியாது. படித்தது வரலாறு. பார்த்த வேலை சென்னையில் ஒரு கம்பெனியில், வரலாற்றுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை விட்டுவிட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. அப்பா கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் என் கூடப்பிறந்த அக்காள் வீட்டில் இருந்தார், அம்மாவும் கூடப் போயிருந்தார். அதனால் இந்தக் குறுவை முழுக்க என் பொறுப்பு. புதன்கிழமை மத்தியானத்தோடு எங்கள் நடவு முடிந்துவிடும். முடிந்த மறுநாளே, வியாழக்கிழமை, இவர்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி அரண்மனைக்கு அழைத்துப் போகிறேன். என் செலவு. கூடப் படித்தவளின் அண்ணனிடம் வேன் இருக்கிறது. தூண்களைப் பற்றி நானே சொல்லுவேன். வரப்பிலேயே நின்று அவருக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை வண்டி சும்மாதான் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் அக்காவிடம் சொன்னேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"வியாழன் முடியாது பாப்பா. உங்க கீழ வயலுக்காரருக்குச் சொல்லியிருக்கு."

எங்கள் வயலுக்குக் கீழே மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர், அவ்வளவுதான். அதுவும் கோணல் மாணலாக இருப்பதால் நடவு இயந்திரம் இறங்காது. ஆள்தான் நட வேண்டும்.

"வெள்ளிக்கிழமை நட்டா என்ன அக்கா ஆயிடப் போகுது? ஒரு நாள்தானே?"

"அது அவரு சொல்லணும். நீயும் நானும் சொல்ல முடியாது."

"நான் பேசிக்கிறேன்."

"நேர்ல போய்ச் சொல்லு. அவரு சரின்னா சரி. இல்லேன்னா வண்டி வேண்டாம்னு சொல்லிடு. அடுத்த மாசம்கூடப் போய்க்கலாம், அரண்மனை எங்கயும் ஓடிடாது."

எனக்கு அடுத்த மாசம் பிடிக்காது. அடுத்த மாசம் என்று சொல்லப்பட்ட எதுவும் என் வாழ்க்கையில் நடந்ததில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு ஆன்லைனில் ஒரு இன்டர்வியூ இருந்தது, அதற்குப் பிறகு எங்கே இருப்பேனோ தெரியாது. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இன்று யோசித்தால், வேன் பேசியாகிவிட்டது என்பதுதான் பெரிய காரணம். பேசின வேனை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

புதன்கிழமை நாலு மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வண்டியில் போனேன். கதவு பூட்டியிருந்தது. பத்து நிமிஷம் நின்றேன். கூப்பிட்டேன், போன் ஸ்விட்ச் ஆஃப். வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினேன். நல்ல குரலில், சிரித்துக்கொண்டே. "அண்ணே, பொம்பளைங்களை ஒரு நாள் மட்டும் நான் இழுத்துட்டுப் போறேன், வெள்ளிக்கிழமை காலையில முதல் வேலையா உங்க வயல்தான், சரியா?" ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

அவரும் அவர் மனைவியும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்றங்காலில் உட்கார்ந்து நாற்று பறித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. வீட்டைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டியிருந்தால் பார்த்திருப்பேன். மறுநாள் நடவு என்றால் முதல் நாள் சாயங்காலமே நாற்றைப் பறித்து, பிடி பிடியாக முடிந்து, தயாராக வைப்பார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. என் வயலுக்கு நாற்று பறித்து முடிந்துவிட்டது. அதனால் உலகத்திலேயே நாற்று பறிப்பது முடிந்துவிட்டதுபோல இருந்தேன்.

ஆறு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"சொல்லிட்டியா பாப்பா?"

"சொல்லிட்டேன் அக்கா."

"என்ன சொன்னாரு?"

இந்த இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அதை நான் வேறு மாதிரியாகவும் செலவு செய்திருக்கலாம்.

"சரின்னாரு" என்றேன்.

*

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வேன் வந்தபோது அவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைக்கு மேல் சட்டை, தலையில் துண்டு, முட்டிக்கு மேலே செருகிய புடவை என்று பார்த்தவர்கள், எல்லாரும் பீரோவிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புடவையில் நின்றார்கள். கனகாம்பரம். பவுடர். அக்கா மாம்பழக் கலரில் பட்டு மாதிரி ஒன்று.

"போன் எடுத்துக்கிட்டீங்களா அக்கா?"

"எதுக்கு? வீட்டுலயே வெச்சுட்டேன். ராஜா கூப்பிட்டாருன்னா நீ பேசு."

வழி முழுக்கப் பச்சை. நட்டது, நடாதது, சேறு அடித்து நிறுத்தியது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொரு வயலையும் பார்த்து விமர்சனம் செய்துகொண்டே வந்தார்கள். இது நெருக்கி நட்டிருக்கு, அது மெஷின் நட்டது, அங்கே பாரு எவளோ வளைச்சு வளைச்சு நட்டிருக்கா, சாமி கும்பிடுறவ மாதிரி. நான் முன் ஸீட்டில் என் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நாயக்கர் கட்டியது எது, மராட்டியர் சேர்த்தது எது என்று நாலு பக்கம்.

அரண்மனை வாசலில் தலையாட்டி பொம்மைக் கடைகளைத் தாண்டவே அரை மணி ஆயிற்று. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன். "இந்த அரண்மனையை முதலில் கட்டினது நாயக்க மன்னர்கள்..." மூன்றாவது வாக்கியத்தில் பார்த்தால் கேட்பவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் முற்றத்தின் நடுவில் நின்று அதை அளந்துகொண்டிருந்தார்கள்.

"ஒரு மா வருமா?"

"வரும். கொஞ்சம் கூடவே வரும்."

"நம்ம பதினோரு பேரு இறங்கினா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம்."

"தண்ணி எங்கேருந்து பாயும்? ராஜா வந்து மடை திறந்து விடுவாரா?" என்றாள் சின்னப் பெண்.

தர்பார் மண்டபத்தில் மட்டும் எல்லாரும் அளப்பதை விட்டுவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள். மேலே வளைவுகளில் நிறம் நிறமாகத் தீட்டிய உருவங்கள். அக்கா தூணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் பார்த்தார், சாயம் ஒட்டியிருக்கிறதா என்று.

"இவ்வளவு தூண் எதுக்குப் பாப்பா?"

"மேல இருக்கிற பாரத்தைத் தாங்க."

"அது தெரியுது. இவ்வளவு பெரிய இடத்துல ராஜா எங்க உக்காருவாரு, கேக்கறவன் எங்க நிப்பான்?"

நான் மேடையைக் காட்டினேன். எதிரே கை நீட்டி, அங்கே நின்று குறை சொல்லுவார்கள் என்றேன். அக்கா நான் காட்டிய இடத்துக்குப் போய் நின்று மேடையைப் பார்த்தார். "இங்கேருந்து கத்தினாத்தான் கேக்கும்" என்றார்.

அங்கேதான் என் போன் அதிர்ந்தது. அண்ணன்.

பத்து நாற்பது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் எடுக்கவில்லை. வாட்ஸப்பைத் திறந்து பார்த்தேன், இன்னும் ஒரே டிக். நெட்டைப் போடவே இல்லை போல. அதாவது அவர் என் செய்தியைக் கேட்டுவிட்டுத் திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை. ஒன்றும் தெரியாமல் கூப்பிடுகிறார்.

மூன்றாவது முறை ஒரு தூணுக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

"பாப்பா, தொந்தரவா இருக்கேனா?" என்றார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான் தொடங்கும். "உங்க வயல்ல வேலை மிச்சம் இருக்கா? பொம்பளைங்க அங்க இருக்காங்களான்னு கேக்கத்தான். எட்டு மணிக்கு வரேன்னுச்சு அந்தம்மா. போன் அடிச்சாலும் எடுக்கல. நாத்து பறிச்சுப் போட்டுட்டேன். வெயிலு வேற ஏறுது."

நாத்து பறிச்சுப் போட்டுட்டேன். அந்த மூன்று சொற்களுக்குப் பிறகு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பறித்த நாற்று நடாமல் வெயிலில் கிடந்தால் வாடிவிடும். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அண்ணே, நான்தான் அழைச்சுட்டு வந்துட்டேன், இதோ கிளம்புறோம் என்று. கிளம்பியிருந்தால் பன்னிரண்டரை மணிக்கெல்லாம் வயலில் இறங்கியிருப்பார்கள். பாதிக்கு மேல் நட்டு முடித்திருப்பார்கள்.

"கேட்டுச் சொல்றேன் அண்ணே" என்றேன்.

யாரிடம் கேட்பது? அவர்கள் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றார்கள். ஒருத்தி தூணைக் கட்டிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி போட்டோ எடுக்க "கையை எடுடி, மூஞ்சி தெரியல" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு பாப்பா போன்ல?" என்றார் அக்கா.

"இன்டர்வியூ விஷயம் அக்கா."

போனை ஸைலன்ட்டில் போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அங்கே இருந்தோம். இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. புதன்கிழமைப் பொய்யை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மூன்று மணி நேரத்துக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. நான் தெரிந்தே நடந்தேன். சிலைகள் இருக்கும் கூடத்துக்கு அழைத்துப் போனேன். வெண்கலச் சிலைகளின் அடியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைச் சத்தமாகப் படித்தேன். எங்கே கிடைத்தவை என்று அதில் இருக்கும். குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றைப் படித்ததும், எல்லாரிலும் மூத்தவர் நின்றுவிட்டார். அது அவர் பிறந்த ஊர். சிலையின் முன்னால் போய், தங்கச்சி வீட்டுக்கு வந்தவர்போல, "இங்கயா இருக்கே?" என்றார். இன்னொரு நாளாக இருந்தால் எனக்குக் கண் கலங்கியிருக்கும். அன்று அவர் சீக்கிரம் நகர மாட்டாரா என்றும் இருந்தது, நகராமல் இருந்தால் நான் எதையும் சொல்ல வேண்டாம் என்றும் இருந்தது.

மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டில் இருட்டு. குனிந்து ஏற வேண்டும். எங்களுக்கு முன்னால் போன குடும்பம் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. இவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். "குனியறதுக்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்." மேலே திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைச் சுற்றி நின்று, இதைக் குழம்பு வைத்தால் எத்தனை ஊருக்குக் காணும் என்று கணக்குப் போட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்த படம் ஒன்று போனில் இருக்கிறது. பின்னால் எலும்பு, முன்னால் பன்னிரண்டு பேர், நடுவில் என் முகம். அதைப் பார்க்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மரத்தடியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். அக்கா தன் உருளைக்கிழங்கை என் இலையில் வைத்தார். "நல்லது பண்ணினே பாப்பா. இதுங்க நாலு நாளைக்கு இதையேதான் பேசும்" என்றார்.

நான் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கையும் சாப்பிட்டேன்.

*

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது மூடினால் எப்போது திறக்கும் என்று அந்த வழியாகப் போகிற யாரும் கேட்பதில்லை. முன்னால் பஸ், லாரி, பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று சும்மா விளக்கை மட்டும் சுற்றிக்கொண்டு. வேனுக்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மணி நாலேகால். போனை எடுத்துப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து ஏழு அழைப்புகள். கடைசி அழைப்பு ஒன்றரைக்கு. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

கடைசியாகக் கூப்பிட்ட நேரத்தைப் பார்த்ததும்தான் என்னால் உட்கார முடியவில்லை. முன் ஸீட்டிலிருந்து எழுந்து அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அண்ணன்கிட்ட நான் நேர்ல சொல்லல. போன்ல அனுப்பினேன். அவரு கேக்கல. நாத்து பறிச்சுட்டாராம்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"காலையில. மண்டபத்துல."

"அந்த இன்டர்வியூ போனா?"

"ஆமா."

ரயில் வந்தது. சரக்கு வண்டி. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கேட் தூக்கியதும் அக்கா பின்னால் திரும்பி, தூங்குகிறவர்களை எழுப்பினார். "எந்திரிங்கடி. வீட்டுக்குப் போகல. கீழ வயல்ல இறங்கணும். நாத்து கிடக்கு."

"இந்தப் புடவையோடயா?" என்றாள் சின்னப் பெண்.

"ராஜா வீட்டுக்குக் கட்டினதுதானே. வயலுக்கும் கட்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு வயலுக்குப் போனோம். அண்ணனும் அவர் மனைவியும் மட்டும் சேற்றில் நின்று நட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து இரண்டே பேர் நட்டது ஒரு மூலையில் பாய் விரித்த அளவுக்கு இருந்தது. பறித்துக் கட்டிய நாற்று முடிகள் காலையில் ஆள் வரும் என்று வயலில் வீசப்பட்டு, பிறகு வெயிலைப் பார்த்து மறுபடி பொறுக்கப்பட்டு, கருவை மரத்தடியில் குவிந்து கிடந்தன. குவித்தால் உள்ளே சூடேறும். அக்கா நேராக அந்தக் குவியலுக்குப் போய்க் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்த முடியின் நுனி மஞ்சளாக வதங்கியிருந்தது.

அண்ணன் கரைக்கு வந்தார். வேனைப் பார்த்தார். பூ வைத்த தலைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "வாங்க பாப்பா" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டார்.

"என் மேலதான் தப்பு. சொன்ன நாளை மறந்துட்டேன். வெள்ளிக்கிழமைன்னு மனசுல இருந்துடுச்சு. பாப்பா கூப்பிட்டுச்சேன்னு கிளம்பிட்டோம்."

"மறந்துட்டியா?" என்றார் அண்ணன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "இத்தனை வருஷத்துல இல்லாத மறதி? மூணு மா வெச்சிருக்கிறவன்தானேன்னு மறந்துட்டியா? பத்து ஏக்கர் வெச்சிருந்தா மறந்திருப்பியா? விடு. சம்பாவுக்கு நான் வெளியூர் ஆளு பார்த்துக்கிறேன்."

அக்கா மாம்பழக் கலர்ப் புடவையை முட்டிக்கு மேலே செருகிக்கொண்டு இறங்கினார். மற்றவர்கள் பின்னால் இறங்கினார்கள். நான் கரையில் நின்றேன். எனக்குக் கேட்கும் தூரத்தில், என் பெயரில் வர வேண்டிய ஏச்சு அத்தனையும் அக்கா மேல் விழுந்தது. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "டீ வாங்கிட்டு வரேன்." வாங்கப் போனேன்.

இருட்டுவதற்குள் கொஞ்சம் நட்டார்கள். மிச்சத்தை வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து நட்டார்கள். ஆனால் வதங்கிய முடிகளைக் கழித்த பிறகு நாற்று போதவில்லை. முக்கால் மாவுக்குக் கொஞ்சம் குறையாக வெறும் சேறு. அங்கே தண்ணீர் நின்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் அது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிறது.

இன்டர்வியூவில் கேட்டார்கள், உங்களுடைய பலம் என்ன என்று. எதையும் உடனே தொடங்கிவிடுவேன் என்று சொன்னேன்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். புடவையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார். அடியில் ஒரு முழத்துக்குச் சேற்றுக் கறை போகவில்லை.

"ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"உங்க தப்புன்னு."

"உன் தப்புன்னு சொன்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? உன்னைத் திட்ட முடியுமா அவரால? உங்க வயல் வழியாத்தான் அவரு வயலுக்குத் தண்ணி. உங்க அப்பா மடைய மூடினா அவரு யாருகிட்டப் போய் நிப்பாரு? உன் பேரைச் சொன்னா எல்லாத்தையும் முழுங்கிட்டு, பரவால்லைங்க பாப்பான்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. பாவம், நாள் பூரா வெயில்ல நின்னவரு. திட்டறதுக்காச்சும் ஒரு ஆளு வேணாமா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் அப்பா மடையை மூடுகிறவர் இல்லை. ஆனால் மூட முடியும். அது அண்ணனுக்குத் தெரியும். அவர் ஏழு முறை கூப்பிட்டும் ஒரு முறைகூட என்னிடம் குரல் உயர்த்தாததற்குக் காரணம் அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

"அவரு வெளியூர் ஆளு பார்த்துக்கிறேன்னாரே அக்கா."

"பார்ப்பாரு."

"அவரைப் பார்த்து மத்தவங்களும்..."

"பேசுவாங்க. சொன்ன நாள்ல வரலன்னு பேசுவாங்க. இந்தப் பக்கம் எனக்கு இருக்கிறது அந்த ஒண்ணுதான்." சொல்லிவிட்டு உடனே, "அதுக்கு நீ ஒண்ணும் பண்ண வேணாம். முடிஞ்சு போச்சு. போய்த் தூங்கு" என்றார்.

நான் தூங்கவில்லை. சனிக்கிழமை முழுக்க வண்டியில் சுற்றினேன். மிச்ச நாற்று யாரிடம் இருக்கும் என்று டீக்கடை டீக்கடையாகக் கேட்டேன். கண்டதையும் வாங்கிவிட முடியாது. அதே ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுப்பு நாளில் ஒரு பக்கம் பழுத்திருக்கும், ஒரு பக்கம் பச்சையாக நிற்கும். வயதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். குடவாசலைத் தாண்டி ஒரு ஊரில், ஒரு பாய் தன் நாற்றங்காலில் ஒரு பாத்தி மிச்சம் என்று காட்டினார். அதே ரகம். மூன்று நாள் மூப்பு. "பறிக்க எனக்கு ஆளில்லம்மா. வந்து பறிச்சுக்கங்க. வெயிலுக்கு முன்னாடி வாங்க" என்றார். நான் இதுவரை நாற்று பறித்ததில்லை. அக்காவிடம் சொன்னபோது, "மேல பிடிச்சு இழுத்தா வேரு அந்துடும். அடியில பிடிக்கணும்" என்றார். தானும் வருவதாக அவர் சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை.

திருச்சிக்குப் போன் செய்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நம்ம வீட்டுப் பேரை வெச்சுக்கிட்டு நீ இப்படிப் பண்ணிட்டே" என்றார். மடையைப் பற்றி அக்கா சொன்னதை அவரும் ஒப்புக்கொண்டார். இந்த வருஷம் என்ன ஆனாலும் கீழ வயலுக்கு முதல் தண்ணீர் என்று அவரே அண்ணனிடம் சொல்வதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முதலில் நான் போய்ச் சொல்லி முடிக்கிறேன், அதற்குப் பிறகு நீங்கள் பேசுங்கள் என்றேன். தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் மறுபடியும் அவரால் திட்ட முடியாது.

நாளை ஞாயிறு. ஐந்தரைக்கு அண்ணன் மாட்டை அவிழ்த்துக் கட்ட வெளியே வருவார். பாய் ஊருக்கு நாற்று பறிக்கப் போகும் வழியில் முதலில் அங்கே போவதாக இருக்கிறேன். நாற்று கிடைத்த செய்தியை முதலில் சொல்லக் கூடாது. அதைச் சொன்னால் அவர் உடனே நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார். முதல் வாக்கியத்தை மட்டும் தயார் செய்திருக்கிறேன். "அண்ணே, அக்கா மறக்கல. நீங்க சரின்னு சொன்னதா அவங்ககிட்ட நான்தான் பொய் சொன்னேன். மண்டபத்துல உங்க போனை எடுத்தப்பவும் எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டு அவர், "பரவால்லைங்க பாப்பா, வாங்க, உக்காருங்க" என்பார். உட்காரக் கூடாது. சம்பாவுக்கு அக்காவையே கூப்பிடுவேன் என்று அவர் வாயால் சொல்லுகிறவரையில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவர் திட்டினால் இன்னும் நல்லது.